பக்கத்து சீட்

தேனாம்பேட்டை
11.11.2025

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

போனில் பேசினால் பதிவாகிவிடுமோ என்று பயம். அதனால்தான் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என் மகள் ஷீலா எனக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு நீ இருக்கும் பெசன்ட் நகர் பக்கம் வந்திருக்கிறாள். ஊரூர் குப்பத்து முனையில் மீன் விற்கும் பாஞ்சாலியை இடித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு வலது கால் முறிந்துவிட்டது. ஷீலா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

அவளிடம் இருப்பது வெறும் எல்.எல்.ஆர். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் காருக்கு க்ளெய்ம் கிடைக்காது. பாஞ்சாலிக்குக் கொடுப்பதையும் என்னிடமே வசூலிப்பார்களாம். "யார் கூட இருந்தது?" என்று இன்சூரன்ஸ் ஆள் கேட்டார். என் வாயில் உன் பெயர்தான் வந்தது, அக்கா.

வாக்குமூலத் தாளும் பாலிசி நகலும் இத்தோடு வைத்திருக்கிறேன். தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் தம்பி
லாரன்ஸ்


பெசன்ட் நகர்
14.11.2025

மாதா காப்பாற்ற வேண்டிய என் தம்பி லாரன்ஸுக்கு,

முதலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்கிறாய். சின்ன வயதிலிருந்தே இதுதான் உன் வழக்கம்.

அந்த நேரம் நான் கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். என் தினசரி நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். உன் பாலிசியை அகராதி வைத்துக்கொண்டு மூன்று தடவை வாசித்தேன். வண்டியில் 'எல்' போர்டாவது ஒட்டியிருந்தாயா?

நாற்பத்தாறு வயதில் நான் லைசென்ஸ் வாங்கியபோது, "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா?" என்று சிரித்தவன் நீ. இப்போது அது உனக்கு வேண்டியிருக்கிறது.

அலுத்துப்போய்விட்டது, லாரன்ஸ். உன்னோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் உள்ளே இருக்கிறது.

ஷீலாவை ஏதாவது சாப்பிடச் சொல்.

அக்கா
ஆரோக்கியமேரி


பெசன்ட் நகர்
20.11.2025

லாரன்ஸுக்கு,

நேற்று கஞ்சி எடுத்துக்கொண்டு பாஞ்சாலியைப் பார்க்கப் போனேன். பத்து வருடமாக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா மேரிம்மா, நீயும் அந்தக் கார்ல இருந்தியாமே? இன்சூரன்ஸ்காரரு உன் கையெழுத்தக் காட்டிட்டுப் போனாரு. அந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு கைப்பைதாம்மா குந்திக்கினு இருந்துச்சி. நீ எப்போ பையா மாறுன?"

"நீ அவர்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"வலில சரியா பாக்கலன்னு சொல்ட்டேன். உன்னப் போயி பொய்க்காரின்னு எப்டிம்மா சொல்வேன்?"

உடைந்த காலோடு அவள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள், லாரன்ஸ். கஞ்சித் தூக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

இன்று காலை இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போய், நான் அந்தக் காரில் இல்லை, முன்பு எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குப் பெரிய நஷ்டம், தெரியும். எனக்கு என்ன வரும் என்று அவர்கள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. நீ கோபமாக எழுதுவாய். பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

என் வீட்டுக்கு வராதே என்று சொல்லமாட்டேன். வருவதானால், முதலில் ஷீலாவைக் கூட்டிக்கொண்டு பாஞ்சாலி வீட்டுக்குப் போய்விட்டு வா.

மேரி