ஐஸ் பெட்டிக்குள் தேங்காய்

இன்று காலை கந்தளாயில் பேருந்து நின்றபோது, உமி ஏற்றிய லொறி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு அடி அடித்தது. யன்னலோரம் இருந்த எனக்குத் தலை, மூக்கு, காலையில் மடிப்புக் கலையாமல் கட்டிய சேலை எல்லாம் உமி. கொண்டக்டர் சிரித்தார். அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், வாய்க்குள்ளும் உமி. அந்தத் தூசி மணத்தோடு நீயும் வந்து பக்கத்தில் இருந்துவிட்டாய். நாம் இருவரும் எத்தனை முறை முழுகியும் தலையில் உமி போகாமல் திரிந்த காலம் ஞாபகம் வந்தது.

யுத்த காலத்தில் திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி வேலை தர யார் இருந்தார்கள்? கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்த ஹாஜியார் ஒருவர்தான் தந்தார். அவருடைய மீன் லொறி கந்தளாய்ச் சந்தைக்குப் போகும் வழியில் சென்றி என்று நாங்கள் சொல்லும் சோதனைச்சாவடிகளில் காத்துக் கிடக்கும். மீன் போய்ச் சேருமுன் ஐஸ் தண்ணீராய் ஓடிவிடும். ஐஸ் உருகாத பெட்டி ஒன்று லொறிக்குச் செய்து தாருங்கள் என்றார். நீ, நான், கிண்ணியாப் பெடியன் நசீர் மூவரும் ஒரு குழு. வெளியே பலகை, உள்ளே தகரம், நடுவில் உமி என்று ஒரு பெட்டி செய்து கொடுத்தோம். பார்க்க ஒரு சின்ன வீடு போல இருந்தது, எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லூரியில் ஒரு விதி இருந்தது. வேலை முடிந்து சில வாரம் கழித்து இரண்டு பக்கமும் முகத்துக்கு முகம் இருந்து குறை நிறை சொல்லவேண்டும். வேலை தந்தவர் எங்கள் குறையைச் சொல்லவேண்டும், நாங்களும் அவருடைய குறையைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் நடக்கிற காரியமா இது? எங்களுக்கு முன் போன குழுவுக்கு முதலாளி வீட்டில் விருந்து. ஏப்பம் விட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் "எல்லாம் நல்லம்" என்று சொல்லிப் பிரிந்தார்கள். அவர்கள் செய்த தண்ணீர்த் தாங்கி அடுத்த மழைக்குச் சரிந்து விழுந்தது.

"சாப்பிட்ட வாயால எப்பிடியடி குறை சொல்லுறது? நாங்கள் கதைச்சுப்போட்டுத்தான் சாப்பிடவேணும்" என்று நீ அன்றே முடிவெடுத்துவிட்டாய். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. படிப்பு முடிந்ததும் வேலை இல்லையென்றால் உன்னைக் கொழும்பில் மாமா வீட்டுக்கு அனுப்புவது என்று உன் அப்பா தீர்மானித்திருந்தார். திருகோணமலையை விட்டுப் போக உனக்குத் துளியும் மனமில்லை. தன் ஐஸ் ஸ்டோரில் உனக்கு ஒரு வேலை இருக்குமா என்பதை அந்தச் சந்திப்பு முடிய ஹாஜியார் சொல்வதாக இருந்தார். "இண்டைக்கு மட்டும் இனிக்க இனிக்கக் கதையடி" என்று எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதியில் இருந்து புறப்படும்போதே உன்னிடம் கெஞ்சினேன்.

ஹாஜியார் வீட்டு வாசலில் லொறி நின்றது. நீ பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாய். உள்ளே தேங்காய். அடி முதல் நுனி வரை தேங்காய். ஒரு மீன் செதிலைக்கூடக் காணவில்லை. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனோம்.

"பெட்டியா? மாஷா அல்லாஹ், நல்ல பெட்டி புள்ள. ஒரு குறையும் இல்ல. கையக் கழுவுங்க, சாப்பிடுவம்" என்றார் ஹாஜியார். புரியாணி மணத்தில் எனக்கு நாக்கு ஊறியது. கை கழுவ நான் எழும்பியும் விட்டேன்.

"ஹாஜியார், நாங்கள் கதைச்சுப்போட்டுச் சாப்பிடுறம்" என்றாய்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்த வருடங்கள் அவை. ஒரு தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் வீட்டுச் சோற்றைத் தள்ளி வைத்தால் அதை எப்படி எடுப்பார்கள் என்று நீ யோசித்திருக்கவே இல்லை.

"எங்கட ஊட்டுச் சோறு ஆகாதா மகள்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஐயோ ஆகும் ஹாஜியார்! அது வயித்துக்குள்ள போனா எனக்கு வாய் வராது, அதுதான். எங்கட பெட்டிக்குள்ள தேங்காய் கிடக்கு. ஏன் எண்டு சொல்லுங்கோ. பிறகு பாருங்கோ, சட்டியையும் விடமாட்டம்."

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பினார். "சொன்னா மனம் நோகும் எண்டு பாத்தன். கேக்கிறதெண்டாக் கேளுங்க. மூடி யானைக் கனம். சென்றில ஆமிக்காரன் மீன் முழுக்கக் காட்டச் சொல்லுறான். ஒருக்கா மூடியத் திறந்தா முழு ஐஸும் வெயில்ல. உமி நனைஞ்சு நாறுது. அதுதான் தேங்கா ஏத்துறன். ஐஸ மூடப் பழைய சாக்கே நல்லம் புள்ள, பழைய சாக்கே நல்லம்!" தொடங்கியவரை நிறுத்த முடியவில்லை. நீயோ யாரோ உனக்கு மாலை போட்ட மாதிரி முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

அதோடு விட்டாயா? "இப்ப எங்கட முறை. சென்றில மூடி திறக்கவேணும் எண்டு உங்களுக்கு முதலே தெரியும். எங்களுக்குச் சொல்லேல்ல. டிரைவரோட கதைக்கக் கேட்டம், நான் இருக்கிறன்தானே எண்டு விடேல்ல. பிழையில அரைவாசி உங்கட." எனக்குக் கொழும்பு பஸ் கண்முன்னே வந்து நின்றது.

அப்போதுதான் குசினிக்குள் இருந்து ஹாஜியார் மனைவியின் குரல் கேட்டது. "நல்லாக் கேளு மகள்! என்ட கறிக்கும் இந்த மனிசன் இப்பிடித்தான். நல்லம் நல்லம் எண்டு திண்டுபோட்டு, தம்பிட ஊட்டுல போய் உப்புக் கூட எண்டு சொல்லுவாரு!"

முதலில் சிரித்தது நசீர். அடக்கப் பார்த்துப் புரையேறிவிட்டது. பிறகு ஹாஜியாரே தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆறிப்போன புரியாணியை ஒரே பெரிய தட்டில் அவர் மனைவியோடு நீயும் நானும் சுற்றி இருந்து சாப்பிட்டோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம், சட்டியையும் விடவில்லை.

புறப்படும்போது ஹாஜியார் சொன்னார்: "கெடுத்த பெட்டிய நாளைக்கு வந்து திருத்து. திருத்தினாப் பிறகும் போயிராத. ஸ்டோர்ல முகத்துக்கு நேர சொல்லுற ஆள் ஒண்டு எனக்கு வேணும்."

திரும்பும்போது, கடலைக் கடக்கப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறினோம். நடுக்கடலில் திடீரென்று நீ போட்ட கூச்சலுக்குக் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் துவக்கோடு திரும்பிப் பார்த்தான். அவனையும் பார்த்துச் சிரித்தாய். அவனும் சிரித்துவிட்டான். அந்த நாட்களில் நான் கண்ட மிக நல்ல பின்னேரம் அதுதான்.

அந்தப் பெட்டியை டிரைவரோடு சாவடி சாவடியாய்ப் போய்ப் பார்த்துவிட்டுத் திருத்தினாய். தனித்தனி அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மூடி. கந்தளாயில் மீன் விறைத்தபடி இறங்கியதாம். பிறகு நசீர் கட்டாருக்குப் போனான், நான் கொழும்புக்குப் போனேன். நீ மட்டும் போகவில்லை.

நான் இப்போது திரும்பி வந்து நம் கல்லூரியிலேயே படிப்பிக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலாளிகளிடம் போனால், தேநீரைக்கூடப் பிறகு தாருங்கள் என்கிறேன். மரியாதை தெரியாதவள் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. உன்னால் வந்த பெயர், சந்தோசமாய்ச் சுமக்கிறேன்.

லிங்கநகர் வீட்டில், நீ கண்மூடுமுன், உன் கட்டிலருகே கடைசியாக இருந்த நாளில், "என்னில என்ன பிழை? சொல்லு பாப்பம்" என்றாய். "ஒண்டுமில்லையடி, எல்லாம் நல்லம்" என்றேன். "பொய்க்காரி! சாப்பிட்டிட்டு வந்திருக்கிறாய்" என்று சிரித்தாய். உண்மையில் அன்று முழுக்க எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

இப்போது சொல்கிறேன், கேள். நீ போடுகிற தேநீர் வெறும் சுடுதண்ணீர். நான் கதை சொன்னால் முடிவை நீ முந்திச் சொல்லிவிடுவாய். உன் வருத்தத்தை, அந்த நோயை, எங்களிடம் கடைசி வரைக்கும் மறைத்தாய். ஹாஜியாருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நிறை ஒன்று இருக்கிறது. எல்லோரும் போன காலத்திலும் நீ இங்கே இருந்தாய். அதனால்தான் எனக்குத் திரும்பி வர ஒரு ஊர் இருந்தது.

இனி உன் முறை. என் பிழைகளைச் சொல்லடி. மத்தியானம் தாண்டிவிட்டது, நான் இன்னும் சாப்பிடவில்லை.