அம்மா கேட்ட கதை

ஞாயிறு இரவு

பழவேற்காடு நூலகத்தில் இன்று நடந்த வாசகர் கூட்டத்தில் என் தோழி ஸ்டெல்லா ஒரு நாவலைப் பற்றிப் பேசினாள். நான் அவளுக்குக் கொடுத்த நாவல்தான், அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தியின் கதை. "வெள்ளைக்காரங்க கறுப்பின்னு ஒதுக்குறாங்க, சொந்த ஜனம் பொம்பளைன்னு வாய அடைக்குது," என்றாள்.

மீன் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை பஸ்ல மீன் நாத்தம்னு எறக்கி வுடுறான். ஊர்க்கூட்டத்துல பொம்பளைன்னு உள்ளயே வுடல. என் கதைய சொல்லிட்டே கண்ணு."

எனக்கு வயிறு எரிந்தது. அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் அந்த நாவலைப் படித்தேன். என்ன கதை என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

வீட்டில் சாப்பிடும்போது அம்மா, "அந்தப் பொம்பள கடைசில இன்னா ஆனா?" என்றாள்.

"ஸ்டெல்லாவையே கேளு."

"அவ பாதிதான் படிச்சாளாம். உன்னைக் கேக்கச் சொன்னா."

நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். இப்போது அம்மா பாயில் என் பக்கம் திரும்பிப் படுத்து விழித்திருக்கிறாள். முடிவைச் சொல்லத்தான் போகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.