கோணியை நனைக்காதவனுக்கு

சிற்பத் துறையின் பழைய கொட்டகையை நேற்று எனக்காகத் திறந்துவிட்டார்கள். கூரை ஒழுகி, மூலையில் கிடந்த கோணிகள் நனைந்திருந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நல்ல விதமாக இல்லை.

திருப்பதிக் கல்லூரியில் சிற்ப முதுகலையை மறுபடியும் தொடங்குகிறார்களாம். அதன் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி, முதலும் கடைசியுமான அந்த ஒரே வகுப்பில் படித்த என்னைக் கேட்டிருக்கிறார்கள். நீ போன மாதம் துபாயில் செத்துப்போனாய். அமைதியாகத் தூங்கு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

நாம் நான்கு பேர். வகுப்பு முழுக்கத் தெலுங்கு. தமிழ் பேச நீயும் நானும்தான். நீ குடிபாலாக்காரன், நான் நகரிப் பக்கம். அந்த ஒட்டுதலில் உன்னை நம்பித் தொலைத்தேன். படிப்புக்கு நிரந்தர அனுமதி தரலாமா என்று பார்க்க ஒரு குழு வரவிருந்தது. நான்கு பேரும் ஆளுக்கொரு ஆளுயரச் சிலையைக் களிமண்ணில் செய்து காட்ட வேண்டும். நான் எங்கள் ஊர்த் தறிக்கு நூல் சுற்றும் பெண்ணைச் செய்துகொண்டிருந்தேன். களிமண் காய்ந்தால் உள்ளே இருக்கும் கம்பியை விட்டு வெடித்துவிடும். அதனால் கோணி சுற்றி, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி வைப்போம். ஊருக்குப் போகிறவரின் சிலையை இருக்கிறவர் நனைக்க வேண்டும். கொட்டகையில் இது எழுதாத சட்டம்.

குழு வர ஒரு வாரம் இருந்தபோது நைனா பரணிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். புத்தூருக்குக் கட்டுப்போட அழைத்துப் போக என்னை விட்டால் ஆளில்லை. கிளம்பும்போது நீ சொன்னாய்: "போய்ட்டு வாம்மே. நான் இங்கதான கீறேன், தண்ணி ஊத்திக்கினே இருப்பேன்."

நான்கு நாள் கழித்து வந்தேன். கோணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. பிரித்ததும் இரண்டு கைகளும் தோளோடு பெயர்ந்து கீழே விழுந்தன. நான் கிளம்பிய அன்றே நீ சென்னைக்கு பஸ் ஏறியிருக்கிறாய். உன் சிலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற மற்ற இருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஃபைபர் பொம்மை செய்யும் கம்பெனியில் இன்டர்வியூ. அப்போதுதான் புதுசு புதுசாகப் பூங்கா திறந்துகொண்டிருந்தார்கள். களிமண் பிசைகிறவனுக்கும் வேலை கிடைத்தது. போனதில் தப்பில்லை. திரும்பி வந்து துறைத் தலைவரிடம் என்ன சொன்னாய்? "நீள்ளு போயமனி நாக்கு செப்பலேது சார்." தண்ணீர் ஊற்றும்படி நான் உன்னிடம் சொல்லவே இல்லையாம். என் எதிரிலேயே, என் முகத்தைப் பார்க்காமல், தெலுங்கில் சொன்னாய்.

குழு மூன்று சிலைகளைப் பார்த்துவிட்டு அனுமதியை மறுத்தது. உங்கள் மூவருக்கு மட்டும் பட்டம் கொடுத்துப் படிப்பை இழுத்து மூடினார்கள். லெக்சரர் ஆக வேண்டிய நான், பள்ளிக்கூடத்தில் மாங்காய் வரையச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தேன்.

நேற்று அலுவலகத்தில் பழைய கோப்பைக் காட்டினார்கள். மூடிய காரணம்: ஒரு மாணவியின் அலட்சியம். அந்த மாணவி யாரென்று எடுத்துக் காட்டிய பையனுக்குத் தெரியாது. நான் கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒருமுறை நீ துபாயிலிருந்து லீவில் வந்தபோது, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடு என்று கேட்டேன். சிரித்தாய். "எந்தக் காலத்து கத அது! இன்னும் அதையே புடிச்சிக்கினு கீற. வுடுமே." விடச் சொல்ல நீ யார்?

நான் கல்லூரி வரலாறு எழுதுவது தெரிந்து உன் மகள் போன் செய்தாள். "அப்பாவப் பத்தி நல்லதா ரெண்டு வரி எழுதுங்க ஆன்ட்டி." நல்ல பெண், உனக்கு எப்படிப் பிறந்தாளோ. அவளுக்காக இன்று காலை முழுக்க யோசித்துவிட்டு அந்த இரண்டு பக்கத்தில் உன்னையும் எழுதினேன். நம் வகுப்பில் முதலில் வேலைக்குப் போனவன் நீ என்று ஒரு வரி. என் சிலையை நனைப்பதாக ஒப்புக்கொண்டு, நனைக்காமல் போய், பழியை என் தலையில் போட்டவன் நீ என்று அடுத்த வரி. இரண்டும் உண்மை. சாட்சிக்கு நீயும் இல்லை. கீழே என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

நீ போய்விட்டாய், உன் மேல் இருக்கும் கோபத்தை இனியும் நான்தான் சுமக்க வேண்டும். உன் மகள் அதைப் படித்து அழுவாள். அழட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்த வரியை நான் அடிக்கவில்லை.