வாளி குடித்த நீலம்

ஜூலை 8, திங்கள். விடாத மழை.

சூப்பர்வைசர் பொய்யர். அம்மா மயில்துத்தம் திருடவில்லை.

தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய். மருந்தடிக்கும் கேங்குக்காகத் துத்தக் கட்டிகளை முந்தின சாயங்காலமே ஊறப்போடுவது அம்மா வேலை. காலையில் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். மண்பானைகள் உடைந்ததும் தகர வாளி கொடுத்தது இதே ஆள்தான். இன்று பார்த்தால் நீலம் வெளுத்துக் கிடந்தது. அடியில் செம்பழுப்புச் சேறு. ஒரு வாளியில் ஓட்டை வேறு.

“நீலம் எங்க போச்சு? வித்துப்போட்டு பச்சத்தண்ணி ஊத்தி வெச்சிருக்கறயா?”

“கட்டிய போட்டேங்கய்யா, சத்தியமா.”

அம்மா பெயரை அடித்துவிட்டார். நாளை முதல் வேலை இல்லை.

விறகு ஈரம். கம்பளி காயவில்லை.

ஜூலை 9, செவ்வாய். காற்று. பஸ் லேட்.

கெமிஸ்ட்ரி வகுப்பு. துத்தநாகம் எலக்ட்ரானை இழந்து கரைகிறது: ஆக்சிஜனேற்றம். தாமிர அயனி அதை வாங்கிச் செம்பாகப் படிகிறது: ஒடுக்கம். மூன்று டெஸ்டில் எழுதி மார்க் வாங்கினேன். தகர வாளியின் பூச்சு அதே துத்தநாகம், மயில்துத்தம் அதே காப்பர் சல்பேட் என்று இன்றுதான் மண்டையில் ஏறியது. மடையன். நீல நிறமே தாமிர அயனிதான். அது படிந்தால் நீலம் வெளுக்கும். பூச்சு தீர்ந்தால் அடுத்து இரும்பு. அப்புறம் ஓட்டை.

சாரிடம் சொன்னேன். “வாளியெல்லாம் பரீட்சைல வராதுப்பா. மின்கலத்தப் படி.”

வோல்ட்மீட்டரும் கொஞ்சம் காப்பர் சல்பேட்டும் கேட்டேன். கொடுத்தார். மீட்டரை உடைத்தால் டி.சி.யாம்.

ஜூலை 10, புதன். மழை.

ஓட்டை வாளியிலிருந்து ஒரு துண்டு, உப்புத் தண்ணீரில். செம்புக் கம்பி, நீலத்தில். இரண்டு டம்ளருக்கும் நடுவே உப்பில் நனைத்த துணி. முள் ஏறக்குறைய ஒரு வோல்ட்!

வாளியில் எலக்ட்ரான் நேரே தாவுகிறது. இங்கே கம்பி வழியே சுற்றிப் போகிறது, அதனால் முள் நகர்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இதைச் சொல்லவா வகுப்பில் ஒரு வருடம்?

அம்மா எட்டிப் பார்த்தாள். “முள்ளு ஆடுது, சரி. எனக்கு வேல குடுக்குமா அது?”

ஜூலை 11, வியாழன். தூறல்.

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம். எல்லார் எதிரிலும் நீலம் ஊற்றிய டம்ளரில் தகரத் துண்டைப் போட்டேன். முதலில் கறுத்தது. பிறகு செம்பு.

மருந்தடிக்கும் செல்வி அக்கா: “அடியாத்தி, கள்ளன் வாளிதான்! அத வேலயவிட்டு நிப்பாட்டுங்கய்யா!”

கேங்கே சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

“படிச்ச திமிரா? செல்வி, இன்னிக்கு நீ ஊறப்போடு.”

அதே தகர வாளியைத்தான் காட்டினார்.

“அம்மா திருடலன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. பேர எழுதுங்க.”

குடையை விரித்து நடந்தார். பின்னாலேயே போய்க் கத்தினேன்.

“பேர எழுதுங்க!”