முதல் டிவிஷனுக்கென்று வைத்த கையுறை

அகுவான் பள்ளத்தாக்கு, ஹோண்டுராஸ்

நில்சா,

இரண்டாம் டிவிஷன் இறுதி ஆட்டத்தில் நான் பெனால்டியைத் தடுத்ததும், "முதல் டிவிஷனுக்கு ஏறிட்டோம்டி!" என்று உனக்குப் போனில் கத்தினேனே, அதை மறந்துவிடு.

மறுவாரம் அணி முதலாளி டான் எவெலியோ எங்களைக் கூப்பிட்டார்.

"முதல் டிவிஷன்ல நமக்குக் கிடைச்ச இடத்தை வித்தாச்சுப்பா. கீழ இறங்கின பட்டணத்து டீமே வாங்கிக்கிச்சு."

"அப்போ நாங்க ஜெயிச்சது?" என்றேன்.

"ஜெயிச்சதாலதான்யா விலை போச்சு!" என்று சிரித்தார். அணியையும் கலைத்துவிட்டார்.

நான் முதல் டிவிஷனில் ஆடினால் நீ ஹூஸ்டனிலிருந்து திரும்பி வருவதாகச் சொன்னாயே, அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அம்மா எப்போது வருவாள் என்று பாப்பாவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

முதல் டிவிஷனில் போட்டுக்கொள்ள நீ அனுப்பிய கையுறைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை சுமக்கிறேன். நல்ல கையுறை, நில்சா. முள் ஏறுவதே இல்லை.

இப்படிக்கு,
உன் கோல்கீப்பர்