ஓரத்தில் ஒரு கோடு

அலெக்சாந்திரியா, பாய்னி மாதம், கோடைத் தொடக்கம்

மெலித்தா தன் கணவர் யூபியோஸுக்கு எழுதுவது. மகிழ்ந்திருங்கள்.

பிள்ளை பிறந்த மாதமே அரசர் உங்களையும் மற்ற அறிஞர்களையும் ஊரைவிட்டு விரட்டினார். வருஷம் ஓடிவிட்டது. நூலகத் தூண்வரிசைப் பக்கம் போனால் இன்னும் கால் தானாக நிற்கிறது. அங்கேதான் பழைய கவிதைச் சுருளை மடியில் விரித்து, அத்திப்பழம் மென்றுகொண்டே, அந்தக் கவிஞர் எழுதியதுதானா என்று சந்தேகமான வரிக்கு ஓரத்தில் ஒரு கோடு இழுப்பீர்கள். அந்த வரிக்காக நான் சண்டைக்கு வருவேன். "அழிக்கலையே, நம்பலைன்னுதானே சொல்றேன்" என்பீர்கள். இப்போது யாரோடு சண்டை போட?

நீங்கள் அங்கே எழுதிய இலக்கண நூல் இங்கே நன்றாக விற்கிறது. புத்தகக் கடைக்காரருக்குச் சிரிப்பு. "உங்க வீட்டுக்காரரை அரசர் துரத்தினாரு. புத்தகம் நீந்தியே திரும்பி வந்திருச்சு, பார்த்தீங்களாம்மா?" என்கிறார். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் உங்கள் வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறார்கள். நம் பிள்ளைக்குத்தான் உங்கள் குரல் தெரியாது. அபூர்வமாக வரும் உங்கள் கடிதத்திலும் பாதி மாணவர்கள் புராணம்.

பிள்ளை நிக்கோன் நலம். நன்றாகச் சாப்பிடுகிறான். எனக்கு ஒரு கவலையும் இல்லை.

நலமாயிருங்கள்.
மெலித்தா


ரோட்ஸ் தீவு, மெசோரே மாதம், கோடை

யூபியோஸ் என் மெலித்தாவுக்கு. மகிழ்ந்திரு.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கோபிக்காதே. 'நிக்கோன் நலம்' தொடங்கி மூன்று வரிகளுக்கும் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறேன். மற்ற வரிகளில் நீ இருக்கிறாய், உன் முணுமுணுப்பு இருக்கிறது. அந்த மூன்றையும் எழுதியது என் மெலித்தா இல்லை.

பிள்ளைக்கு என்ன? உண்மையை எழுது. அவசரம் என்றால் உடனே கப்பல் ஏறுகிறேன், அரசர் என்ன செய்தாலும் செய்யட்டும். இங்கே எனக்குப் பெரிய பெயர்தான். சந்தையில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் சத்தமே இல்லை.

யூபியோஸ்


அலெக்சாந்திரியா, தோத் மாதம், கோடை முடிவு

மெலித்தா யூபியோஸுக்கு.

கோடுகளைப் பார்த்ததும் முதலில் ஆத்திரம்தான் வந்தது. கைக்குழந்தைக்காரியின் கடிதத்தைக்கூடவா இந்த மனுஷர் விட்டுவைக்கமாட்டார் என்று. பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கோடை முழுக்க அவனுக்குக் காய்ச்சல். குடித்த பால் தங்கவில்லை. தூங்குகிறவனின் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தேன். எழுதினால் ஓடி வருவீர்கள். உங்களோடு விரட்டப்பட்ட தோழர் தியோகாரெஸ் அப்படித்தான் தாயைப் பார்க்க வந்தார். துறைமுகத்திலேயே பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள். அதனால்தான் பொய் எழுதினேன். நீங்கள் வரவே வேண்டாம்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது எழுந்து நிற்கப் பார்க்கிறான். பிள்ளையை வைத்துக்கொண்டு கடலா என்று இத்தனை நாள் பயந்தேன். இப்போது கடலைவிட இந்த வீடுதான் பயமாக இருக்கிறது. குளிர்காலத்துக்குக் கடல்வழி அடைபடும் முன் புறப்படும் கடைசிக் கப்பலில் இடம் பேசிவிட்டேன். இந்தக் கடிதம் முந்தின கப்பலில் வரும், பின்னாலேயே நாங்கள்.

ஒன்றே ஒன்று. துறைமுகத்துக்கு மாணவர் கூட்டத்தோடு வராதீர்கள். அத்தனை தாடிகளுக்கு நடுவே இவன் எந்த அப்பாவைத் தேடுவான்? தனியாக வாருங்கள்.

உங்கள் மெலித்தா