‘சாப்பிடாதீங்க’ என்று அவர் சொன்னது எதை?

அனுப்புநர்:
சலவைக் கடையின் முன்மேசைப் பணியாளர்,
கடைக்கு எதிர்ச் சந்து, மாடிக் குடியிருப்பு,
மூன்றாம் தளம், படிக்கட்டை ஒட்டிய வீடு.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் புகார்ப் பிரிவு.

பொருள்: நினைவாற்றல் மாத்திரைத் தொகுப்பு தொடர்பான புகாரில், தவறு செய்யாத ஊழியர் மீது சுமத்தப்பட்ட பழியை நீக்கி மறுவிசாரணை செய்யக் கோருதல்.

பார்வை: புகார் முடித்துவைக்கப்பட்டதாக என் மகனுக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி புகாரை அளித்தவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் ஒரே மகன். புகார் என்னைப் பற்றியது. ஆனால் என்னைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. அவனை நான் குறை சொல்லவில்லை. அம்மா கடையில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிள்ளை வேறென்ன செய்வான்? அன்றே கணினியில் எழுதி அனுப்பிவிட்டான். தாங்களும் தாமதமின்றி விசாரித்து முடித்துவிட்டீர்கள். அரசாங்கக் காரியம் இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வேகத்தில் ஒரு பெண்ணின் வேலை போய்விட்டது. அதைத் திரும்பப் பெற்றுத் தரவே இம்மனு.

2. நான் யார் என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். சலவைக் கடையில் துணி வாங்குவதும், வெளுத்துத் தேய்த்ததைத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. ரசீதைத் தொலைத்துவிட்டு வந்த யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. முகத்தைப் பார்த்தால் போதும், எந்தத் தட்டில் எந்தத் துணி, எந்தக் கறை போனது, எது போகவில்லை என்பதெல்லாம் தானாக வரும். எங்கள் முதலாளி என்னை ‘ரசீதம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்ட நான் சென்ற மழைக்காலத்தில் ஒரு மருத்துவரின் வெள்ளை அங்கியை ஒரு சமையல்காரருக்கும், சமையல்காரருடையதை அந்த மருத்துவருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சமையல்காரர் மறுநாளே வந்துவிட்டார். மருத்துவர் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டே நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். முதலாளி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

3. அந்தச் சமயத்தில்தான் நினைவாற்றல் மாத்திரைத் தொகுப்பு விற்கும் அந்த நிறுவனத்தின் விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். உடம்பில் சேரும் கழிவுதான் மூளையை மந்தமாக்குகிறதாம். முதலில் திட உணவை நிறுத்திச் சாறும் வெந்நீரும் மட்டும் குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். பிறகு மாத்திரை தன் வேலையைக் காட்டுமாம். ஐயா, படித்தவர்கள் இதை நம்புவார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. சலவைக் கடைக்காரி நம்பிவிட்டேன். ஊறவை, அலசு, அழுக்குப் போனபின் கஞ்சி போடு. நாள் முழுக்க நான் பார்க்கிற வேலைதானே, இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று நினைத்தேன். உடம்பைத் துணி மாதிரி பிழியக் கூடாது என்பது பிழிந்தபின்தான் தெரிந்தது.

4. தொகுப்பை வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘நினைவுத் தோழி’ உண்டு. தினமும் மாலையில் தொலைபேசியில் அழைத்து, மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டோமா என்று விசாரிக்க வேண்டியது அவர் பணி. எனக்கு அமைந்த தோழி முதல் நாள் அழைத்து, “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாகிவிட்டதால், அவர் மாத்திரையைக் கேட்கிறார் என்பது என் புத்தியில் ஏறவில்லை. “இல்லம்மா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டேன். அவர் மெதுவாகச் சிரித்து, “எனக்கு ஷிப்ட் முடியணும்மா, அப்புறம்தான்” என்றார். மறுநாள் அவர் மாத்திரையைக் கேட்டார், நான் சோற்றைக் கேட்டேன். அதன்பின் அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது.

5. இதைத் தாங்கள் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கக்கூடும். நினைத்தாலும் எழுதியாக வேண்டியிருக்கிறது, ஏனெனில் வழக்கே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. என் கணவர் காலமானபின் வீட்டில் பேச்சு என்பது குக்கர் விசில்தான். கடையில் நாள் முழுக்கப் பேசுகிறேன். ஆனால் அதெல்லாம் காலர் கறை, பொத்தான், நாளைக்கு வருமா என்ற பேச்சு. மகன் ஞாயிறுதோறும் அழைப்பான். பாசமாகத்தான் பேசுவான், அலாரம் வைத்துக்கொண்டு பேசுவான். ஆகவே மாலையில் அந்த அழைப்பு வருவதற்கு முன்பே கைப்பேசியைத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாத்திரையால் எனக்கு எந்த நினைவும் திரும்பவில்லை. அழைப்பு வரும் நேரத்தை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

6. அழைப்பில் அவர் குரலுக்குப் பின்னால் வேறு பல குரல்கள் கேட்கும். ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, யார் யாரிடமோ “சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரும் அந்த நேரத்தில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இது புகாரில் சேராது என்று தெரியும். இருந்தாலும் தங்கள் பார்வைக்கு.

7. நடந்தது இதுதான். சாற்று விரதம் தொடங்கிய சில நாட்களிலேயே எனக்குக் கை நடுக்கம் வந்தது. ஒரு மாலை இரண்டாம் தளத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பூட்டில் என் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சிறுமி “யாரு?” என்று கேட்டாள். நான் யார் என்று சொல்ல எனக்கு ஒரு கணம் வரவில்லை. அன்று தோழி அழைத்தபோது இதைச் சொன்னேன். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் வழக்கமான குரலை அவர் விட்டுவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அவர் பேசியது இது: “அந்த மாத்திரையை எடுத்து அப்பால வையுங்க. இனிமே சாப்பிடாதீங்கம்மா. ஒரு பிடி அரிசி வெச்சு, சூடா சாப்பிடுங்க. எனக்காக சாப்பிடுங்க.” நான் சரி என்றேன்.

8. சரி என்று சொன்னேனே தவிர, அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் அப்படியே படுத்துவிட்டேன். ஒருத்திக்கு என்ன சமையல் என்ற அலுப்பும் இருந்தது. மறுநாள் காலை முன்மேசையில் விழுந்தேன். கீழே வெளுக்க வந்த போர்வைக் குவியல் இருந்ததால் அடி படவில்லை. இதில் யாருடைய தவறாவது உண்டென்றால், முதலில் என்னைப் பட்டினி போட்ட நிறுவனத்தின் தவறு, அடுத்து சோறு வைக்காத என் தவறு. தோழியின் தவறு எள்ளளவும் இல்லை.

9. தங்கள் விசாரணைக்கு நிறுவனம் அளித்த பதிலின் நகலை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். உணவை நிறுத்துமாறு நிறுவனம் யாருக்கும் சொல்வதில்லை என்றும், தொகுப்போடு வரும் துண்டுத்தாளில் ‘தோழியின் வழிகாட்டுதல்படி உணவைக் குறைத்துக்கொள்ளவும்’ என்று மட்டுமே அச்சிட்டிருப்பதாகவும், தோழி தன்னிச்சையாக வாடிக்கையாளரிடம் ‘இனிமே சாப்பிடாதீங்கம்மா’ என்று சொன்னது ஒலிப்பதிவில் இருப்பதாகவும், ஆகவே அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டதாகவும் அதில் கண்டிருக்கிறது. ஐயா, நம் மொழியில் சோறும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் எது என்று தெரியாது. முன் வரியையும் பின் வரியையும் சேர்த்துக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மாத்திரையைச் சாப்பிடாதே என்று சொன்னதற்காகத்தான் நிறுவனம் அவர்மேல் கோபப்பட்டது. சோற்றைச் சாப்பிடாதே என்று சொன்னதாகக் காட்டி வெளியே அனுப்பிவிட்டது. ஒரே வார்த்தையில் இரண்டு காரியத்தையும் முடித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

10. இதைத் தொலைபேசியில் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். ஆனால், நினைவுக் குறைபாட்டுக்காகத் தொகுப்பு வாங்கியவர் என்பதால் வாடிக்கையாளரின் வாய்மொழியை நம்ப இயலாது என்று நிறுவனம் குறிப்பு எழுதியிருப்பதாகச் சொன்னார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் மாத்திரை வேலை செய்கிறது என்றால் என் நினைவை அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும். என் நினைவை நம்ப முடியாது என்றால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

11. மருத்துவமனையில் என்னைப் பார்த்த மருத்துவர் என் மறதியில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். சரியாகத் தூங்குகிறேனா, யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டதாக அவர் எழுதிக்கொண்டார்.

12. தோழியை நீக்கியபின் அதே மாலை நேரத்தில் இப்போது ஓர் இயந்திரக் குரல் அழைக்கிறது. ‘நீங்கள் சாப்பிட்டீர்களா? ஆம் எனில் எண் ஒன்றை அழுத்தவும்’ என்கிறது. முதல் முறை பழக்கதோஷத்தில், “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டேன். ‘தவறான தேர்வு’ என்று சொல்லிவிட்டு அது துண்டித்துக்கொண்டது. அழைப்பை நிறுத்தச் சொல்லிப் புகார் செய்யலாம் என்று மகன் சொல்கிறான். நான் இன்னும் செய்யவில்லை. மணி அடித்தால் ஒரு கணம் அவராக இருக்குமோ என்று தோன்றிவிடுகிறது. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது ஐயா. இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, மனுவில் எழுதுவது எளிதாக இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அந்த மாலையின் ஒலிப்பதிவை முழுவதுமாக வரவழைத்துத் தாங்களே கேட்க வேண்டும். என் வாக்குமூலத்தைத் தங்கள் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். சோதிக்க விரும்பினால், தங்கள் அலுவலகத்தில் எல்லோர் சட்டையையும் கலந்து வைத்து ஒருமுறை முகங்களைக் காட்டுங்கள், அவரவர் சட்டையை அவரவர் கையில் கொடுக்கிறேன்.

தோழி மீதான குற்றக் குறிப்பை நீக்கி, அவர் தவறிழைக்கவில்லை என்று தங்கள் முத்திரையுடன் ஒரு கடிதம் அவருக்கு அனுப்ப வேண்டும். பழைய இடம் கிடைக்காவிட்டாலும், வேறு இடத்தில் வேலை தேட அது உதவும். ‘தோழியின் வழிகாட்டுதல்படி’ என்ற வரியைத் துண்டுத்தாளிலிருந்து எடுக்கச் சொல்லி, பட்டினி போடுவது தோழியல்ல, தன் விளம்பரம்தான் என்று நிறுவனம் தன் வாயால் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும்.

எனக்கு நஷ்டஈடு எதுவும் வேண்டாம். அவருடைய தொலைபேசி எண்ணைத் தர விதியில் இடமில்லை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். விதியை மீறும்படி நான் கேட்கவில்லை. விசாரணைக்காக அவரை அழைக்கும்போது, கேள்விகளெல்லாம் முடிந்தபின், இந்த ஒரு தகவலை மட்டும் அவரிடம் சேர்ப்பித்தால் போதும்: இன்று ஒரு பிடி அரிசிதான் வைத்தேன், சூடாக இருந்தது, சாப்பிட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டதாகவும் சொல்லவும். அவர் என்ன பதில் சொன்னாலும் எனக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்கவும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
சலவைக் கடை ‘ரசீதம்மா’

இடம்: வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: ஞாயிற்றுக்கிழமை, மகனின் அழைப்புக்குப் பின்

இணைப்பு: மிச்சமிருக்கும் மாத்திரைகள், புட்டியுடன்.